அழும் பெண்ணின் காது

நியூயார்க்கில் டெல்மரின் ஓவியக் கண்காட்சி திறந்த அன்று, அழுகிற பெண்ணின் முகத்துக்கு முன்னால் ஒருவர் நகராமல் நின்றார். காமிக்ஸ் புத்தகத்தில் கட்டைவிரல் அளவு இருந்த முகத்தை டெல்மர் சுவர் அளவுக்கு வரைந்திருந்தான்.

"அந்தக் காமிக்ஸ் படத்தை வரைஞ்சவராம், பேர் சால். பத்திரிகைக்காரங்க முன்னாடி மானத்தை வாங்கறதுக்குள்ள போய்ப் பேசு" என்றாள் மனைவி ஐரீன்.

டெல்மர் தயங்கியபடி போனான். "சார், இது உங்க படம்தான். யார் கேட்டாலும் உங்க பேரைச் சொல்லிடறேன்."

"காதை ஏன் தம்பி மாத்தினே?"

"கோணலா இருந்துச்சு. நேராக்கினேன்."

"நல்ல காரியம் பண்ணினே. என் பேரை மட்டும் சொல்லித் தொலைக்காதே."

"ஏன் சார்? உங்களுக்குப் பெருமைதானே?"

சால் குரலைத் தாழ்த்தினார். "என்ன பெருமை? எங்க தொழில்ல அவசரத்துக்கு ஒருத்தர் படத்தை ஒருத்தர் சுடுவோம். இந்த மூஞ்சியே நான் இன்னொருத்தன்கிட்ட சுட்டது. கோணக் காதுதான் அவன் வரையற படத்துக்கு அடையாளம்."

"அவருக்கு இப்ப தெரிஞ்சா என்ன?"

"இப்ப அவன்தான் என் எடிட்டர். எல்லாம் என் சொந்தக் கற்பனைன்னு சொல்லித்தான் அவன்கிட்ட வேலை வாங்கினேன். அதோ, உன் சம்சாரத்துகிட்ட பேசிட்டிருக்கான் பாரு."