உட்கார்ந்தால் தாங்குமா?

"ஏம்மா, இதுமேல உக்காந்தா தாங்குமா?"

ஆரம்பிச்சுட்டா! அவருக்குக் காதுமடல்வரை சூடேறியது. இதற்கு முன்னால் ஏறி இறங்கிய கடைகளிலும் வீட்டம்மா இதே கேள்வியைத்தான் கேட்டாள். இந்தக் கடை மாடியில் வேறு இருந்து தொலைத்தது. காலமெல்லாம் லிப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன், இப்போது நாலு படி ஏறினால் முட்டி விண்விண் என்கிறது.

கடைக்காரப் பெண் பெட்டியை ஒருமுறை பார்த்தாள், கேட்டவளை ஒருமுறை பார்த்தாள். "யுகுலேலே வைக்கிற பெட்டிம்மா இது. இதுமேல யாரு உக்காரப் போறா?"

"சும்மா கேட்டு வெச்சுக்கறேன். கொஞ்சம் கனமான ஆள் உக்காந்தா?"

கனமான ஆள்! அவர் சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய கிடார்களை வேடிக்கை பார்ப்பவர்போலத் திரும்பிக்கொண்டார்.

சமாசாரம் இதுதான். போன மழைக்காலத்தில், வீட்டம்மா ஆசை ஆசையாக வாங்கிய யுகுலேலே துணிப்பையோடு சோபாவில் கிடந்தது. கிடாருக்குப் பேரப்பிள்ளை மாதிரி இத்துனூண்டு வாத்தியம். அவர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே வந்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். சடக்! அவ்வளவுதான், கழுத்து தனி, உடம்பு தனி.

'தெரியாம உக்காந்துட்டேன், மன்னிச்சுக்கோ' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். வாய் சும்மா இருந்தால்தானே? "மனுஷன் உக்கார்ற இடத்துல யாராவது இதைக் கொண்டுவந்து வைப்பாங்களா?" என்று எகிறினார். அவள் உடைந்ததைப் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். அந்தச் சத்தம் இன்னும் அவர் காதைவிட்டுப் போகவில்லை. மன்னிப்பும் தொண்டையைவிட்டு வெளியே வரவில்லை.

இப்போது புது யுகுலேலே வாங்கியாகிவிட்டது. அதற்குக் கெட்டியாக ஒரு பெட்டி வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. நியாயம்தான். அதற்காக இப்படிக் கடை கடையாகக் கூட்டிக்கொண்டு போய்க் குத்திக் காட்ட வேண்டுமா?

கடைக்காரப் பெண் இரண்டு பெட்டிகளை மேஜைமேல் வைத்தாள். "இது ஃபோம். லேசா இருக்கும், விலையும் கம்மி. தவறிக் கீழ விழுந்தாக்கூட வாத்தியத்துக்கு ஒண்ணும் ஆகாது. இன்னொண்ணு பிளைவுட். தூக்கறதுக்குக் கொஞ்சம் கனம், விலையும் கொஞ்சம் கூட."

"ஃபோமே ஜோரா இருக்கே, அதையே எடுத்துக்கோ" என்றார் அவர், கிளம்பினால் போதும் என்று.

வீட்டம்மா ஃபோம் பெட்டியை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். "இது அமுங்குதுங்க."

பிறகு பிளைவுட் பெட்டியைப் படுக்கப்போட்டு, விரலை வைத்து உயரம் அளந்தாள். மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். "வாத்தியத்தை வெளிய எடுத்துட்டு, வெறும் பெட்டி மேல உக்காந்தா? அப்பவும் தாங்குமாம்மா?"

கடைக்காரப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வெறும் பெட்டி உடைஞ்சா உடையட்டுமேம்மா, வாத்தியம் தப்பிச்சுதுன்னு நிம்மதியா இருங்க!"

ஓரமாக உட்கார்ந்து ஒரு கிடாருக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தவரும் சேர்ந்து சிரித்தார்.

இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"போதும் நிறுத்து! நான் என்ன வேலைவெட்டி இல்லாம உன் சாமானாத் தேடித் தேடியா உக்கார்றேன்? தெரியாம நடந்ததுக்கு இன்னும் எத்தனை கடையில என் மானத்தை வாங்குவே?"

"ஐயோ, அதுக்குக் கேக்கலைங்க..."

"நீ எதுக்குக் கேக்கறேன்னு எனக்குத் தெரியும். வாராவாரம் உன் கிளாஸுக்குத் துணைக்கு வந்து, நீ டொய்ங் டொய்ங்குனு முடிக்கிறவரைக்கும் வாசல்ல காவல் காக்கறேன் பாரு, என்னைச் சொல்லணும்! இனிமே வரமாட்டேன். நீயே போ, நீயே வா. உன் பொருளும் என்கிட்டேருந்து பத்திரமா இருக்கும்."

கம்பி மாட்டுகிறவர் தலையைக் குனிந்துகொண்டார். கடைக்காரப் பெண் இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சொன்ன மறு நிமிஷமே அவருக்கு நெஞ்சு உறுத்தியது. கிளாஸ் விடுவதற்குள் இருட்டிவிடும். இருட்டில் தனியாக பஸ் ஏற அவளுக்குப் பயம். அது அவருக்குத் தெரியாதா என்ன? சும்மா ஒரு கோபத்தில் சொன்னேன் என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தார். அத்தனை பேர் முன்னால் எப்படி இறங்கிப் போவது? விறைப்பாகவே நின்றார்.

வீட்டம்மா பிளைவுட் பெட்டியை ஒருமுறை தடவிவிட்டு, மெல்லத் தள்ளி வைத்தாள்.

"ஃபோமுக்கே பில் போட்டுடும்மா."

"ஏம்மா, அது அமுங்குதுன்னு நீங்கதானே..."

"அமுங்கினா அமுங்கிட்டுப் போகட்டும்மா." அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "கிளாஸ் வாசல்ல உக்கார ஒரே ஒரு படிதான் இருக்கு, அதுவும் தரையோட தரையா. இவருக்கு முட்டி வலி. நாங்க முடிச்சுட்டு வரும்போது, அதுலேருந்து எந்திரிக்க முடியாம 'அம்மா, அம்மா'ன்னு முனகறது கிளாஸுக்கு உள்ளே வரைக்கும் கேக்கும். நான் வாசிக்கற நேரம் பெட்டி காலியாத்தானே கிடக்கும், படிமேல போட்டு உக்காந்தா கொஞ்சம் உசரமா இருக்குமேன்னு பார்த்தேன். அவர்தான் இனிமே வரலையாமே."