பச்சைக் காபிக்கொட்டை

குளியலறைக் கதவு தாழிடும் சத்தம் கேட்டதும், டெபோரா கணவனின் கேப்சூல் டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தாள். கேப்சூல்களை ஒவ்வொன்றாகத் திருகித் திறந்து, உள்ளே இருந்த பச்சைத் தூளை சிங்க்கில் கொட்டினாள். காலிக் கூடுகளில் வெள்ளைத் தூளை நிரப்பி மூடினாள்.

"டெபோ, துண்டு எங்கம்மா?" உள்ளேயிருந்து ஐசக் குரல் கொடுத்தார்.

"கதவுக்குப் பின்னாடி பாருங்க!" சொல்லிக்கொண்டே குழாயைத் திறந்துவிட்டாள். பச்சைத் தூள் சுவடில்லாமல் ஓடிப்போகும் வரை அங்கேயே நின்றாள்.

இட்லித் தட்டு முன் உட்கார்ந்த ஐசக், முதல் வேலையாக ஒரு கேப்சூலை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"என்ன அப்படிப் பார்க்கிற?"

"ஒண்ணுமில்லீங்க. சட்னி போடட்டுமா?"

அது விஷமில்லை. தாம்பரத்து டாக்டர் அவருக்கு எழுதிக்கொடுத்த சர்க்கரை நோய் மாத்திரையின் பொடி.

பச்சைக் காபிக்கொட்டைத் தூள் அடைத்த கேப்சூல் சர்க்கரையை அடியோடு விரட்டிவிடும் என்று யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்த அன்றே, ஐசக் மாத்திரைகளைக் குப்பையில் வீசிவிட்டார். "இங்கிலீஷ் மருந்து கிட்னியைத் தின்னுடும்டி. இது செடியிலிருந்து வர்றது" என்றார். டெபோரா அழுதாள், சண்டை போட்டாள், பட்டினி கிடந்தாள். மனிதர் மசியவில்லை.

அவர் கால் விரலில் வந்த கொப்புளம் புண்ணாகி, ஓரம் கறுக்கத் தொடங்கியபோதுதான் அவள் இந்தத் திருட்டு வேலைக்குத் துணிந்தாள். மாத்திரையை அவரறியாமல் வாங்கி வந்து, அம்மியில் நுணுக்கி, கேப்சூலுக்குள் ஒளித்தாள்.

புண் ஆறியது. லேப் ரிப்போர்ட்டில் சர்க்கரை மளமளவென்று இறங்கியிருந்தது. ஐசக்குக்குத் தலைகால் புரியவில்லை.

போன ஞாயிறு, பீர்க்கன்கரணையில் நடந்த ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சியே சொல்லிவிட்டார். "ஒரு காபிக்கொட்டைக்குள்ள கர்த்தர் எனக்கு ஆயுசை வச்சிருக்கார்!" ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். டெபோரா மட்டும் தலை நிமிரவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவரைச் சுற்றி ஒரே மொய்ப்பு. எங்கே கிடைக்கும், எப்போது சாப்பிட வேண்டும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். டெபோராவின் தங்கை ஜான்சி அக்காவின் கையைப் பிடித்தாள்.

"நெஜமாவே அதாலதான் அத்தானுக்குக் கொறஞ்சுதாக்கா?"

ஐசக் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் நாளையிலிருந்து கேப்சூலையும் தொட மாட்டார்.

"ஆமாடி" என்றாள் டெபோரா.

ஐசக் இரண்டாவது இட்லியைப் பிட்டபோது டெபோராவின் போன் அடித்தது. ஜான்சிதான். அஸ்தினாபுரத்தில் தனியாக இருப்பவள்.

"அக்கா... நேத்துலேர்ந்து ஒரே வாந்தி. எவ்ளோ தண்ணி குடிச்சாலும் நாக்கு ஒட்டிக்குது. மூச்சு... மூச்சு வாங்குதுக்கா."

பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே இன்சுலின் ஊசியால்தான் ஜான்சி உயிரோடு இருக்கிறாள். அவளுக்கு வந்தது வேறு வகைச் சர்க்கரை. ஒரு வேளை தவறினாலும் ஆபத்து என்று டாக்டர் அன்றைக்கே எச்சரித்திருந்தார்.

"ஜான்சி, காலையில ஊசி போட்டியா? சொல்லுடி!"

புஸ் புஸ்ஸென்று மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பிறகு போன் தரையில் விழுந்த சத்தம்.

"என்னங்க, வண்டிய எடுங்க!" டெபோரா அலறினாள். "ஜான்சி விழுந்துட்டா போலிருக்கு. ஊசி போட்டாளா இல்லையான்னுகூடத் தெரியலயே!"

ஐசக் பதறி எழுந்தார். மனைவியைப் புரியாமல் பார்த்தார்.

"ஊசியா? அதை ஞாயித்துக்கிழமையே நிறுத்திட்டாளே!"