பின்சுவர்

இலங்கையில் கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், நகரத் திட்டமிடல் அலுவலகத்தில் பயிற்சி பெறும் மாணவி தர்ஷிகா, குடியிருப்பு ஆய்வுக்காக ஓர் அறையை அளந்துகொண்டிருக்கிறாள். மூன்று நாள் மழை விட்ட மத்தியானம். தகரத்திலிருந்து சொட்டுவதுகூட நின்றுவிட்டது, நாய்கள் குரைக்கவில்லை. டேப்பின் நுனியைப் பள்ளத்துப் பக்கம் இருக்கும் பின்சுவரின் ஆணியில் மாட்டிவிட்டு, வாசற்படியில் குந்தி எண்ணைப் படிக்கிறாள். பன்னிரண்டு அடி. எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பன்னிரண்டு அடி ஓர் அங்குலம். கை தளர்ந்திருக்கும் என்று டேப்பைப் பூட்டி இறுக்கிப் பிடிக்கிறாள். இருட்டுக்குள்ளிருந்து யாரோ அவசரமே இல்லாமல் அதை இழுக்கிறார்கள். "அக்கா, டேப்ப இழுக்குறீங்களா?" அடுப்படியில் ரொட்டி தட்டும் வீட்டுக்காரி இராஜகுமாரி நிமிர்கிறாள். இரண்டு கையிலும் மாவு. "நான் ஏன் புள்ள இழுக்கப் போறேன்?" தொட்டிலில் குழந்தை தூங்குகிறது. அதற்கு மேலே, கூரைக்கும் பின்சுவருக்கும் நடுவில், சற்று முன்புவரை இல்லாத வெளிச்சம் ஒரு நூல் கனத்துக்குத் தெரிகிறது. சுவர் பள்ளத்துப் பக்கம் விலகுகிறது என்று தர்ஷிகாவுக்குப் புரிகிறது. "அக்கா, ஒண்ணும் கேக்காதீங்க. பாப்பாவத் தூக்கிக்கிட்டு வெளிய வாங்க." அவள் முகத்தைப் பார்த்த இராஜகுமாரி அடுப்பை அப்படியே விட்டு, பிள்ளையை வாரிக்கொண்டு ஓடி வருகிறாள். தர்ஷிகா டேப்பைப் போட்டுவிட்டுப் பக்கத்துக் கதவுகளையெல்லாம் தட்டுகிறாள். லயத்துச் சனம் முழுவதும் வாசலுக்கு எதிரே மேட்டில் ஏறி நிற்கிறது. இன்னும் ஒரு சத்தமும் இல்லை. படியில் கிடந்த மஞ்சள் டேப் மட்டும், ஆளில்லாத அறைக்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது.