ஒண்ணாம் நம்பர்

அவன் குனிந்தான். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் கண்களை மூடிக்கொண்டான்.

நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் ஹவுசிங் போர்டு பார்க்கின் நடுவில் இப்படி நின்றால் யாருக்கும் சிரிப்பு வரும். மாலை நடைக்கு வந்த இரண்டு பேர் சிரித்துக்கொண்டே போனார்கள்.

கூட இருந்த கோபிநாத்தும் ஷாஜகானும் சிரிக்கவில்லை.

எதிரே சி பிளாக். மூன்றாவது மாடி பால்கனியில் சாரதியின் அம்மா காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

இவர்களோடு ஆடி வளர்ந்த சாரதி நேற்று மஸ்கட்டில், தூக்கத்திலேயே போய்விட்டான். அவளுக்கு இன்னும் தெரியாது. பெங்களூரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கும் அவன் தங்கை, தன் வாயால் முடியாது, நீங்களே சொல்லிவிடுங்கள் என்று போனில் அழுதிருந்தாள்.

மூன்று பேராகப் போய் நின்றால் கதவைத் திறக்கும்போதே புரிந்துவிடும். ஒருவன் முதலில் போக வேண்டும். மற்றவர்கள் பத்து நிமிடம் கழித்து.

யார் என்பதில்தான் அரை மணி நேரமாக இழுபறி. கடைசியில் கோபிநாத்தான் பழைய முறையைச் சொன்னான். ஒண்ணாம் நம்பர் வந்தவன் போகட்டும்.

பள்ளிக்கூட நாட்களில் இதே பார்க்கில் கிரிக்கெட் ஆடும்போது ஒண்ணாம் நம்பருக்கு அடித்துக்கொள்வார்கள். முதல் பேட்டிங் ஆயிற்றே. ஒருவன் குனிய வேண்டும். இன்னொருவன் அவன் முதுகில் இடது கையை வைத்து, வலது கையில் விரல்களைக் காட்டி, இது யாருக்கு என்று கேட்பான். குனிந்தவன் பார்க்காமல் ஒரு பெயர் சொல்வான். எத்தனை விரலோ, அதுதான் அந்தப் பெயருக்கு நம்பர்.

குனிவது எப்போதும் இவன்.

விரல் காட்டுவது எப்போதும் சாரதி.

ஒற்றை விரலைக் காட்டும்போது மட்டும், முதுகில் இருக்கும் கையின் ஆள்காட்டி விரல் ஒருமுறை அழுந்தும்.

எனக்கு என்பான் இவன்.

மூன்று கோடை விடுமுறைகள் இப்படிப் போயின. தினமும் வந்தால் சந்தேகப்படுவார்கள் என்று வாரத்துக்கு இரண்டு நாள் விட்டுக்கொடுப்பான். அவ்வளவு யோக்கியன்.

சாரதிக்குக் கடைசி நம்பர்தான் வரும். அவன் முறை வருவதற்குள் வெளிச்சம் போய்விடும். ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்துவிடுவார்கள்.

ஏன்டா எனக்காக இதைச் செய்கிறாய் என்று ஒரே ஒரு நாள் கேட்டிருக்கிறான்.

"நீ அடிச்சா பாக்க நல்லாருக்குடா."

அடித்த பந்து சில சமயம் அந்த மூன்றாவது மாடி பால்கனியில் போய் விழும். சாரதியின் அம்மா உடனே போட்டுவிட மாட்டாள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, எம்புள்ளைக்கு பேட்டிங் குடுத்தீங்களா என்று கேட்பாள். அடித்தவன்தான் பந்தை வாங்க வேண்டும். ஆகவே பதிலும் இவன்தான் சொல்வான்.

குடுத்துட்டோம்மா.

பந்து வந்துவிடும்.

அதெல்லாம் ஒரு பொய்யா என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தான். காலையில் போன் வந்ததிலிருந்து அதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.  ஒண்ணாம் நம்பர் தன் பெயருக்கு வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். வேண்டிக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது.

ஷாஜகான் பின்னால் வந்து முதுகில் கை வைக்கப் போனான். கோபிநாத் தடுத்துவிட்டான்.

"கைய வெக்காத. தள்ளி நில்லு. அதுலதான் இவனும் சாரதியும் ஏதோ பண்ணுவானுங்க."

சருகுகள் மிதிபட ஷாஜகான் பின்னால் நகர்வது கேட்டது.

"இது யாருக்கு?"

முதுகில் ஒன்றும் இல்லை.

கோபிக்கு என்றான்.

மூணு என்றான் கோபிநாத். பெரிதாக மூச்சு விட்டான்.

இன்னும் இரண்டு பெயர்கள்.

"இது யாருக்கு?"

முதுகுத்தண்டின் நடுவில், பழைய இடத்தில், ஒரு விரல் அழுந்தியது.

ஒருமுறை.

கண்ணைத் திறந்தான். தன் கால்களுக்கு நடுவே ஷாஜகானின் செருப்புகள் தெரிந்தன. மூன்று அடி தள்ளித்தான் இருந்தன. கோபிநாத் அதற்கும் அப்பால், பெஞ்சு ஓரத்தில்.

ஷாஜகானுக்கு என்று சொல்லிவிடலாம். தப்பித்துவிடலாம். அந்த விரலின் கணக்கு தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்.

இப்போது ஒருவன்.

ஷாஜகானின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"எனக்கு."

ஒண்ணு என்றான் கோபிநாத். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

நிமிரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஷாஜகான் கிட்டே வந்து, வேண்டுமானால் நான் போகிறேன் என்றான். இவன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தான்.

பால்கனியிலிருந்து அவள் பார்த்துவிட்டாள். துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, நெற்றியில் கை வைத்து உற்றுப் பார்த்தாள். ஆள் யாரென்று தெரிந்ததும் சிரித்தாள். வா என்று கையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

மூன்று மாடி. லிப்ட் கிடையாது.

ஏறும்போது முதல் வார்த்தையைத் தேடினான். கிடைக்கவில்லை. கதவைத் திறந்ததும் அவள் பழைய கேள்வியையே கேட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. இல்லம்மா, ஒரு நாள்கூடக் குடுக்கலம்மா என்று அழுதுவிடலாம். அங்கிருந்து எப்படியாவது மற்றதையும் சொல்லிவிடலாம்.

முதுகில் அந்த விரலின் அழுத்தம் மட்டும் இன்னும் விடவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அழைப்பு மணியின் மேல் விரலை வைத்தான்.

ஒருமுறை அழுத்தினான்.