அப்பாவின் சுருட்டுப் பெட்டி

சொந்தபந்தம் அறியச் சுருட்டை விட்ட அப்பா, கடைசி மூச்சுவரை சொன்ன சொல் தவறவில்லை. அவர் சேர்த்து வைத்திருந்த சுருட்டுகளை என் மகனின் சிறிய வீட்டில், சமையல் சூடு அண்டாத துணி அலமாரியின் அடித்தட்டில், தேவதாருப் பெட்டிக்குள், காய்ந்துவிடாமல் ஈரப் பஞ்சு வைத்துக் காத்துவருகிறேன். சாவி என் இடுப்பைவிட்டு நீங்காது.

இன்று காலை பஞ்சை நனைக்கத் திறந்தேன். ஒரு சுருட்டு பாதியாகியிருந்தது. கடித்த இடம் ஈரமாக இருந்தது. சாம்பல் சுட்டது.

வாசம் பிடித்து மருமகள் வந்துவிட்டாள். "கைக்குழந்தை இருக்கிற வீட்டுல யாரு மாமா இதப் பிடிச்சது?"

அப்பாவின் பெயர் கெடக்கூடாது. "நான்தாம்மா."

அவள் சுருட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோ அழுத்தமா கடிச்சிருக்கீங்க. உங்க பல்செட்டு இன்னும் டம்ளர்லதானே மாமா கிடக்கு?"

நான் வாய் திறக்கும் முன், அவள் கையிலேயே சுருட்டின் நுனி மெல்லச் சிவந்தது.