தொப்பிக் கணக்கு

"யாரும் எங்கிட்ட பேசாதீங்க. தலை ஆடினா கணக்கு போச்சு!"

கால்வாய்க் கரையில் விறைப்பாக நின்றாள் தோவா. ஓலைத் தொப்பியை இழுத்து இறக்கி, அதன் விளிம்பு அக்கரை மண்ணைத் தொடுவதுபோலத் தெரியும்படி வைத்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பொண்ணுக்குக் கல்யாணம். இவ தொப்பியை வச்சு விளையாடறா!" என்றான் கணவன் வின்.

விளையாட்டே இல்லை. மணல் படகு மோதி, இருந்த பாலமும் போய்விட்டது. ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்ததால் சின்னப் படகுகூட நுழையாது. காலை ஒன்பது மணிக்குள் அக்கரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைத் தட்டோடு வாசல் ஏறாவிட்டால், மாப்பிள்ளையின் அம்மா அப்படியே திரும்பிப் போகிற ரகம். புதுப் பாலம் போடக் கையில் இருப்பது வெட்டிச் சாய்த்த ஒரே ஒரு தென்னை. முழு மரத்தைத் தூக்க ஆள் பலம் இல்லை. அளவாகத் துண்டு போட்டாக வேண்டும். குறைந்தால் வேறு மரம் கிடையாது.

"அக்கரையில உன் தங்கச்சி இருக்கா. ஒரு கயித்தை வீசி, பிடிடின்னா பிடிச்சுட்டுப் போறா. அகலம் தெரிஞ்சுடும்."

"அவகிட்ட நான் பேசணுமா? செத்தாலும் மாட்டேன்!"

அம்மாவின் வயலைப் பிரித்த நாளிலிருந்து ஏழு வருஷமாகத் தங்கை லியெனோடு பேச்சு இல்லை.

தோவா கழுத்தை அசைக்காமல் கரையோரமாகத் திரும்பினாள். தொப்பி விளிம்பு இப்போது ஒரு வாழைக்கன்றின் அடியைத் தொட்டது.

"அதே உயரம், அதே சாய்வு, அதே முக்கோணம். இங்கேருந்து கன்னு வரைக்கும் எவ்வளவோ, அவ்வளவுதான் கால்வாய். அளங்க!"

வின் அளந்தான். பதினாறு முழம்.

"வெட்டிடலாமா? நீ கணக்கைச் சரியாப் போட்டுட்டு, கடைசி வரியை விட்டுடுவியாமே? பரீட்சையில நான்தான் பக்கத்துல இருந்து சொல்லித் தருவேன்னு லியென் சொல்லுவா."

"அவ பேச்சை எடுக்காதீங்க. வெட்டுங்க!"

மறுநாள் காலை. இக்கரையில் வின்னும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மரத்தைத் தள்ள, அக்கரையில் நீர்த்தென்னை ஓலைகளுக்குப் பின்னாலிருந்து யாரோ கயிற்றை இழுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆட்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் தோவா.

தொம்!

"உக்காந்துடுச்சு!" என்று கத்தினான் வின்.

குடைகள், தட்டுகள், செருப்பைக் கையில் பிடித்தபடி மாப்பிள்ளையின் அம்மா என எல்லாரும் வந்து சேர்ந்தபோது ஒன்பதாகப் பத்து நிமிஷம் இருந்தது. தோவாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாடா!

"ஒரு விரக்கடைகூட பிசகல, பார்த்தீங்களா?" என்று புருஷனிடம் மார்தட்டிக்கொண்டாள்.

மகள் புறப்படும்போது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தின் மறுமுனை வரை போனாள். அங்கேதான் பார்த்தாள். மரம் அக்கரையைத் தொடவே இல்லை. தண்ணீரின் அகலத்தை அளந்தவள், இரு கரையிலும் மரம் உட்கார வேண்டிய இடத்தைச் சேர்க்க மறந்திருந்தாள். தண்ணீருக்குள் புதிதாக அடித்த இரண்டு கம்பங்கள்தான் மரத்தைத் தாங்கி நின்றன. அங்கிருந்து கரைக்கு ஒரு பலகையும் போட்டிருந்தது.

ஒரு கம்பத்தில், ஏழு வருஷமாகக் கண்ணில் படாத கையெழுத்தில், கரியால் எழுதியிருந்தது:

"அக்கா, கடைசி வரி: ரெண்டு முழம் கூட்டணும்."