தெளிவா இருந்துதான் பாடறாருங்களா?

மேடையில் பாடிக்கொண்டிருந்தவர்தான் மாப்பிள்ளை என்று தெரிந்ததும், மச்சான் கையில் அள்ளிய வேர்க்கடலையைத் திரும்பத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

ஜாதகத்தோடு வந்த போட்டோவில் இருந்த அதே முகம். அதே முன்வழுக்கை. போட்டோவில் இல்லாதது அந்த மைக் மட்டும்தான்.

நாங்கள் வந்தது, பையன் குடிப்பாரா என்று பார்க்க. சனிக்கிழமையானால் ஆர்.எஸ்.புரத்தில் ஏதோ ஒரு பாருக்குப் போகிறாராம், அங்கே பாட்டெல்லாம் பாடுவார்களாம் என்று காதில் விழுந்திருந்தது.

மச்சான் சென்னியப்பன் பெருந்துறையில் தேங்காய்க் களம் வைத்திருப்பவர். ஒரு காயைக்கூடத் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். மகளைக் கொடுக்கிற இடத்தைத் தட்டாமல் விடுவாரா? பெண்ணுக்குத் தாய்மாமன் என்ற முறையில் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

மகள் லோகப்பிரியா வருகிற ஜாதகத்தையெல்லாம் தள்ளிக்கொண்டே இருந்தவள். இந்தக் கிருபாசங்கருக்குத்தான் முதல்முறையாகத் தலையாட்டினாள். சொந்தமாக மோட்டார் பட்டறை, ஒரே பையன், நல்ல குடும்பம். குடி மட்டும் இல்லையென்றால் பேசி முடித்துவிடலாம் என்பது வீட்டுப் பேச்சு.

சின்ன பார். மங்கலான வெளிச்சம். ஆனாலும் நம் ஊர் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு கழுவுமிடத்துக்கு ஓடியவர்கூட, குறுக்கே நின்றவரிடம் "கொஞ்சம் நவுருங்க" என்று கேட்டுக்கொண்டுதான் ஓடினார்.

மச்சான் சர்வரை அருகே கூப்பிட்டார். சட்டையில் மாசாணம் என்று பெயர் குத்தியிருந்தது.

"ஏனுங்க, அந்தப் பாடறவரு குடிப்பாருங்களா?"

"ஒரு சொட்டு தொடமாட்டாருங்க. மொளகு போட்ட சுடுதண்ணிதான்."

பெண்ணைப் பெற்றவர்கள் காது குளிரக் கேட்க வேண்டிய பதில். மச்சானுக்கு முகம் செத்துப்போனது.

"அப்ப, தெளிவா இருந்துதான் பாடறாருங்களா?"

"ஆமாங்க."

மச்சான் பெருமூச்சு விட்டார். குடித்துவிட்டுப் பாடினால், போதையில் என்னவோ உளறினான் என்று விட்டுவிடலாம். நிதானத்தில் இருந்துகொண்டே, கண்ணை மூடி, கையை நீட்டி, ஊரார் முன்னால் உருகுகிறவனை என்னவென்று எடுத்துக்கொள்வது?

"குடிச்சா நாலு செவுத்துக்குள்ள முடிஞ்சுரும் பாலு. பாடுனா ஊருக்கே கேக்குமே," என்றார் என்னிடம்.

அவர் கவலை நியாயமானது. அவர் வகையறாவில் சாராயக்கடை ஏலம் எடுத்தவர் உண்டு. சீட்டாட்டத்தில் தோப்பையே தோற்றவரும் உண்டு. இன்றைக்கும் விசேஷம் என்றால் அவர்களுக்குத்தான் முதல் பந்தி. பாடினவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. குடி குடியைக் கெடுக்கும் என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கிறான், தெரிந்துதான் குடிக்கிறோம். பாட்டு எதைக் கெடுக்கும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. அடுத்த மேசைக்காரர் ஊற்றிய பீரைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார். ஆனால், மச்சான் வாங்கிக் கொடுக்கிற இடத்தில் மச்சானின் ரசனைதான் என் ரசனை.

பாட்டு முடிந்தது. மாப்பிள்ளை எங்களைப் பார்த்துவிட்டார். நாங்கள் அனுப்பிய குடும்பப் போட்டோவில் மச்சானும் இருந்தார். மைக்கை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"வாங்க மாமா, வாங்க. சொல்லியிருந்தா ஊட்டுலயே இருந்திருப்பனுங்களே."

நாற்காலியை இழுத்துப் போட்டவர் உட்காராமலே நின்றார். பாவமாக இருந்தது. பெண் கிடைக்காமல் நம் பக்கத்துப் பையன்கள் பாலக்காடு வரைக்கும் போய் அலைகிற காலம். வயது முப்பத்தைந்தை நெருங்குகிறது. இதுவும் தட்டிப்போனால் இன்னொரு ஜாதகம் வருவது சந்தேகம் என்று அவருக்குத் தெரியும். மச்சானுக்கும் தெரியும்.

மச்சான் சுற்றி வளைக்கவில்லை.

"இந்தப் பாட்டை இன்னையோட உட்டுப்போடுங்க. பொண்ணு உங்களுக்குத்தான்."

பிறகு, பெண் வீட்டார் கறாரானவர்கள் என்று பெயர் வந்துவிடக் கூடாதே என்று, தன் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இது வேணும்னா வெச்சுக்கலாமுங்க. நம்ம சனத்துல இல்லாததா?"

மாப்பிள்ளை திரும்பி மேடையைப் பார்த்தார். கிளாஸைப் பார்த்தார். எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அப்படி ஒரு இருமல் வந்தது. கண்ணெல்லாம் தண்ணீர்.

"பழகிருமுங்க," என்று மச்சான் பாசமாக முதுகைத் தட்டிக் கொடுத்தார். அங்கேயே என் அக்காவுக்குப் போன் போட்டார். பையன் நம்மளாட்டந்தான், பேசி முடித்துவிடலாம் என்றார். பத்து வயது குறைந்தவர்போல இருந்தார்.

அடுத்த நிமிடமே என் போன் அடித்தது. லோகப்பிரியா.

"மாமா, அப்பா அம்மாகிட்ட பேசறப்ப பாட்டுச் சத்தமே கேக்கலீங்களே. அவரு பாடலீங்களா?"

அவர் பாடுவார் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவரு பாடற வீடியோவ பிரண்டு அனுப்புனாளுங்க மாமா. அதக் கேட்டுத்தான் அந்த ஜாதகத்துக்குச் சரின்னேன். அப்பாகிட்ட சொல்லீராதீங்க. போனைக் கொஞ்சம் மேடைப் பக்கமாப் புடிங்களேன்."

மேடையில் கீபோர்டுக்காரர் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார். மச்சான் மாப்பிள்ளைக்கு இரண்டாவது ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இடைவேளை உட்டிருக்காங்க கண்ணு," என்றேன்.

"சரிங்க மாமா. நான் லைன்லயே இருக்கறனுங்க."